முழங்காலில் ஒட்டிய சமாதி

நாகேஸ்வரனுக்கும் மௌனத்துக்கும் ஜென்மப் பகை. கிழக்கேகோட்டையில், கோயில் மதிலை ஒட்டிய அக்ரஹாரத் தெருவில், அவர் வாய் ஓய்ந்து பார்த்தவர்கள் யாரும் கிடையாது. பல் டாக்டர் வாய்க்குள் இடுக்கியை விட்டுக்கொண்டிருக்கும்போதே, இடுக்கியைப் பிடிக்கிற விதம் சரியில்லை என்று அவருக்கு விளக்கிச் சொன்ன மனுஷர். அப்பேர்ப்பட்டவர் சுவர்க்கவாசல் ஏகாதசியன்று, பஜனை மடத்தில், மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தபடியே பேச்சை நிறுத்திவிட்டார் என்றால் தெரு அதை அதிசயம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லும்? தெருவைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

அவர் மனைவி விஜயம் ஒருத்திதான் அதை நம்பவில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால், முதலில் அவளுடைய இடுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

விஜயத்துக்கு இடுப்பெலும்பில் புற்றுநோய். ராத்திரி புரண்டு படுத்தால் உயிர் போகிற வலி. மாத்திரைகளை விழுங்கி விழுங்கி, அதுவும் போதாமல் ஆனபிறகு, வலிக்கு மருந்து கொடுக்கிற கிளினிக்கில் ஒரு ஒட்டுமருந்து எழுதிக் கொடுத்தார்கள். பார்த்தால் ஒன்றுமில்லை, கண்ணாடித் தாள் மாதிரி ஒரு சின்னச் சதுரம். தோளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் மூன்று நாள் தாங்கும். அது வந்து ஏழு மாதமாகிறது. அதன் புண்ணியத்தில்தான் அவள் எழுந்து நடமாடி, சமைத்து, நாகேஸ்வரனின் வியாக்கியானங்களையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் ஜிஷா. பாறசாலைப் பக்கத்துப் பெண். முதல்நாளே கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, விஜயத்தின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

"அம்மா, இது சும்மா பிளாஸ்டர் இல்ல, கேட்டியளா. மார்ஃபினைக் காட்டிலும் வீரியம் கூடுன மருந்தாக்கும். ஒங்க ஒடம்பு மாத்திர தின்னு பழகுனதுனால தாங்குது. பழகாத ஆளு எடுத்து ஒட்டுனா, சொக்கிச் சொக்கி உறங்கி, மூச்சு கொறைஞ்சு கொறைஞ்சு நின்னே போவும். கண்ணுமணி கடுகு கணக்கா ஆயிரும். அப்பிடி ஆருக்காவது ஆச்சுன்னா பிளாஸ்டர ஒடனே பிச்சு எடுத்துட்டு, காதுல உரக்க விளிச்சு மூச்சு விடச் சொல்லணும், நூத்தியெட்ட விளிக்கணும்."

"யாரு இதைப் போய் எடுத்து ஒட்டிக்கப் போறா?" என்றாள் விஜயம்.

"ஒட்டுவாங்கம்மா. எனக்கும் முட்டுவலி, ஒண்ணு தாங்கன்னு கேக்குத ஆள நான் பாத்திருக்கேன். பின்ன, சூடு ஆகாது. வெந்நி பையி, வெயிலு, அடுப்புத் தீ ஒண்ணும் பக்கத்துல அண்டப்புடாது. சூடு பட்டா மூணு நாளு மருந்து ஒரேயடியா உள்ள எறங்கிரும். கத்திரியால வெட்டப்புடாது. கழட்டுனத ஒட்டுற பக்கம் உள்ள வரும்படியா மடக்கி எங்கையில தரணும், குப்பையில போடப்புடாது. பிள்ளையளு கையில கிட்டவே கிட்டாது. அலமாரியில வச்சுப் பூட்டிருங்க."

நாகேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்தபடி பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஓஹோ, பூட்டு வேறயா? கோயில் நிலவறைப் பொக்கிஷமோ இது?" என்றார்.

"பொக்கிஷத்த எடுத்தா ஜெயிலு, இத எடுத்தா சவப்பெட்டி," என்று சொல்லிவிட்டு ஜிஷா ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

விஜயம் சொன்னபடி கேட்கிறவள். அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பூட்டிய சாவியை அலமாரிக் கதவிலேயே தொங்கவிட்டாள். வீட்டில் இருப்பதோ இரண்டு பேர், யாருக்கு ஒளிப்பது?

இனி நாகேஸ்வரனின் முழங்கால்கள். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல், சுவர்க்கவாசல் ஏகாதசி வந்தால் பஜனை மடத்தில் சகஸ்ரநாம அர்ச்சனையை முன்னின்று நடத்துவது அவர்தான். விடியற்காலையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அன்றைக்கு நிர்ஜல விரதம். தண்ணீர் ஒரு சொட்டுகூட வாயில் படாது, மாத்திரையும் அப்படித்தான். போன வருஷம் அர்ச்சனை முடிந்தது, மனுஷரால் காலைப் பிரிக்க முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து, மடக்கிய கால் மடக்கியபடியே, உற்சவ மூர்த்தியை ஏளப்பண்ணுகிற மாதிரி வீட்டுக்குத் தூக்கிவந்து இறக்கினார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. இந்த வருஷம் அதே தெருவைச் சேர்ந்த மஹேஷ், நல்ல குரல், வயது நாற்பது, வந்து பணிவாக, "மாமா, இந்தத் தரம் ஒரு சேர் போட்டுடட்டுமா?" என்று கேட்டுவிட்டான். அன்று பூராவும் நாகேஸ்வரன் சாப்பிடவில்லை. பெருமாளுக்கு முன்னால் நாற்காலியாம்! அவனுடைய ஆபீஸ் என்று நினைத்துவிட்டானா?

ஏகாதசிக்கு முந்தின சாயங்காலம் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"விஜயம், உன்னோட அந்த பிளாஸ்டர் இருக்கே, அது வயத்துக்குள்ள போறதோ?"

"வயத்துக்கு என்னத்துக்குப் போறது? தோல் வழியாத்தான் போறது."

"அப்போ வாயில ஒண்ணும் படறதில்லை."

"இல்லை."

"முழுங்கறதுமில்லை."

"இல்லைன்னா. என்னத்துக்காக்கும் இத்தனை சோத்யம்?"

"இல்லை, விரதம் பங்கமாகாதே, அதான் கேட்டேன்."

விஜயத்துக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று. ஏழு மாதத்தில் அவளுடைய மருந்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. நாளைக்கு அவளும் விரதம் இருந்தால் மருந்து தடையாகுமா என்று யோசித்திருக்கிறார் பார், நாமோ இவரை என்னென்னவோ நினைத்துவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இலையில் ஒரு தோசை கூடுதலாகப் போட்டாள். அவரும் எதிர்ப்பேச்சுப் பேசாமல் சாப்பிட்டார்.

ஏகாதசி காலையில் அவர் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் ஸ்நானம் செய்துவிட்டு, மடியாகப் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, "இன்னிக்கு யாரு யாரைத் தூக்கறான்னு பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நடையில் நொண்டல் இல்லை. விஜயம் அதைக் கவனிக்கத்தான் செய்தாள். பகவத் சங்கல்பம் என்று நினைத்துக்கொண்டாள்.

மடம் அவர்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில்தான். ஒலிபெருக்கியில் அவருடைய குரல் தெரு முழுக்க முழங்கிற்று. விஜயம் படுக்கையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குப் பழைய ஒட்டைக் கழற்றிவிட்டுப் புதிதை ஒட்டுகிற நாள். குளித்துவிட்டு ஒட்டலாம் என்று எழுந்திருக்கப் பார்த்தபோது, குரல் இழுபட ஆரம்பித்தது. ஒரு நாமத்துக்கும் அடுத்த நாமத்துக்கும் நடுவில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. பிறகு இரண்டு பஸ் ஹாரன். பிறகு நாமமே வரவில்லை. ஒலிபெருக்கியில் ஹோமத்தில் சமித்து வெடிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

அதற்குப் பின்னால், மடத்தின் செக்ரட்டரி தாணுமாலையன், தெருவுக்குத் தாணு மாமா, தழுதழுத்த குரலில் மைக்கில் பேசினார். "பக்த ஜனங்கள் கவனிக்கணும். நம்ம நாகேஸ்வரன் சமாதி நிலையை அடைஞ்சிருக்கார். எல்லாரும் வரிசையா வந்து சேவிச்சுக்கணும். தள்ளப்படாது."

பக்கத்து வீட்டு ஆஷா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "மாமி! வேகம் வாங்கோ! மாமா சமாதியாயிட்டார்!"

"என்னடி சொல்றே!" விஜயம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, போகல்லை மாமி, உக்காந்துண்டே இருக்கார். முகத்துல என்ன ஒரு களை! கண்ணு பாதி மூடியிருக்கு. கண்ணுமணி கடுகாட்டம் சுருங்கிப் போயிருக்கு, பகவானைப் பாக்கறச்சே அப்படித்தான் ஆகுமாம், தாணு மாமா சொன்னார். நடுநடுவுல கையை மெள்ளத் தூக்கி மூக்கைத் தொடறார் பாருங்கோ, அது ஏதோ முத்திரையாக்கும். மூச்சே விடறதில்லை மாமி! எப்பவாவது ஒண்ணு. யோகிகளுக்கு அது போறுமாம்!"

கடுகு என்ற சொல் விஜயத்தின் காதில் விழுந்தது. சொக்கிச் சொக்கி, மூச்சு குறைந்து குறைந்து. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்குப் போனாள். சாவி கதவில் சமத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தாள். மூன்று இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. முந்தின சாயங்காலக் கேள்வி ஒவ்வொன்றும் அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. வாயில் படாது, முழுங்குவதில்லை, விரதம் பங்கமாகாது. அடப் பாவி மனுஷா! கேட்டது அவளுக்காக இல்லை. மாத்திரை வாய் வழியாகப் போனால் விரதம் போச்சு, தோல் வழியாகப் போனால் சந்தனம் பூசிக்கொண்ட மாதிரிதானே என்று சாஸ்திரத்தை இண்டு இடுக்கு விடாமல் பார்த்துப் பார்த்து முடிவு செய்திருக்கிறார். முழங்கால் இரண்டு என்பதால் மருந்தும் இரண்டு. ராத்திரியே ஒட்டியிருக்கிறார், அதனால்தான் காலையில் நொண்டல் இல்லை.

புதிய ஒட்டை ஒட்டிக்கொள்ள நேரமில்லை. அவள் குளிக்காத உடம்போடு, தலையை அள்ளி முடிந்துகொண்டு, ஆஷாவின் தோளைப் பிடித்தபடி தெருவைக் கடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பில் யாரோ ஆணி அறைந்தார்கள். நடுவில் கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் மகன் ஹரிஷங்கருக்கு ஃபோன் போட்டாள்.

"அம்மா, நான் லைவ்ல பாத்துண்டுதான் இருக்கேன்!" என்றான் அவன். "அப்பா அடிபொளி! என் டீம்ல எல்லாருக்கும் லிங்க் அனுப்பிச்சிருக்கேன்!"

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

மடத்தில் கால் வைக்க இடமில்லை. நடுவில் நாகேஸ்வரன், கழுத்தில் ஏழெட்டு மாலை, சம்மணம் கலையாமல், தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயோரத்தில் ஒரு புன்னகை. எதிரே ஹோமகுண்டம் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் அனல் நேராக அவருடைய முழங்காலில்தான் அடித்தது. ஜனங்கள் வரிசையில் வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். மஹேஷ் ஃபோனைத் தூக்கிப் பிடித்து, நியூஜெர்ஸியில் இருப்பவர்களுக்குத் தாழ்ந்த குரலில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்நேகா என்கிற தெருப்பெண் தன்னுடைய கைக்குழந்தையைக் கொண்டுவந்து, அனுக்கிரகத்துக்காக, அவருடைய மடியிலேயே கிடத்தினாள்.

"குழந்தையை எடுடீ!"

விஜயத்துக்கு அப்படியொரு குரல் உண்டு என்பது அந்தத் தெருவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்நேகா பதறிப்போய்க் குழந்தையை வாரிக்கொண்டாள். விஜயம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனாள்.

தாணு மாமா கையை விரித்து வழி மறித்தார். "விஜயம், நில்லு. நீ குளிச்ச மாதிரி தெரியல்லை. அவர் மடியா இருக்கார். தொடப்படாது."

"மாமா, அது சமாதியுமில்லை, ஒரு மண்ணாங்கட்டியுமில்லை. என்னோட மருந்தை எடுத்து ஒட்டிண்டிருக்கார். மூச்சு நின்னுண்டிருக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ."

தாணு மாமா சிரித்தார். பாவம், நல்ல மனுஷர்தான், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். "உனக்குப் பயம், அதனால அப்படித் தோண்றது. சரி, அப்படியே வச்சுக்கோ. மூச்சு நிக்கறதுன்னே வச்சுக்கோ. இன்னிக்கு என்ன நாள்? சுவர்க்கவாசல் திறந்திருக்கு. மடி கலையாம, சகஸ்ரநாமம் சொல்லிண்டு, ஹோமாக்னி முன்னால! நான் எத்தனை வருஷமா இப்படி ஒண்ணு கிடைக்கணும்னு வேண்டிண்டிருக்கேன் தெரியுமோ? ஆஸ்பத்திரியில கொண்டுபோய் மூக்குல டியூபைச் சொருகி, துவாதசியிலயோ திரயோதசியிலயோ அனுப்பி வைக்கணும்னு சொல்றியா?"

கூட்டத்தில் பல தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொடுத்துவச்ச ஜென்மம்," என்றார். விஜயத்துக்கு அந்த நிமிஷம் எல்லார்மேலும் வந்த கோபத்தில் இடுப்பு வலி இருந்த இடம் தெரியவில்லை. அவளுடைய புருஷனை வைத்துக்கொண்டு இவர்கள் நல்ல நாள் பார்க்கிறார்கள்! பேசிப் பேசிக் கழுத்தை அறுத்தாலும், எத்தனை கத்தினாலும், அந்த ஆள் அவளுக்கு வேண்டும். வைகுண்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போகட்டும்.

அவள் தாணு மாமாவின் கையைத் தட்டிவிட்டுத் தரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். பக்தர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பெருமாள் பார்த்துக்கொண்டிருக்க, நியூஜெர்ஸியும் பார்த்துக்கொண்டிருக்க, கணவனின் பஞ்சகச்சத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொடைவரைக்கும் சுருட்டினாள்.

"சிவ சிவா!" என்று தாணு மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

முழங்காலுக்கு ஒன்றாக இரண்டு சதுரங்கள், பளபளவென்று, ஒட்டிய கை நடுங்காமல் ஒட்டியிருந்தன. மேலே குங்குமம் வைத்திருந்தார் மனுஷர், மருந்தானாலும் மங்களமாக இருக்கட்டுமென்று. விஜயம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக உரித்து, ஒட்டுகிற பக்கம் உள்ளே வரும்படி மடித்து, மேற்கொண்டு யாரும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதற்கு முன்னால் முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு ஆஷாவும் அவளுமாக நாகேஸ்வரனை ஹோமகுண்டத்தை விட்டுத் தள்ளி இழுத்தார்கள். அவர் சம்மணம் கலைந்து பின்னால் சரிந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"இதோ எடுத்தாச்சே, இனி சரியாயிடும்," என்றது ஒரு குரல்.

"எடுத்தா ஆச்சா? உள்ள போனது உள்ளதானே இருக்கு! மஹேஷ், நூத்தியெட்டுக்கு அடிடா!"

மஹேஷ் ஃபோனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமி, கால் போட்டா லைவ் கட் ஆயிடுமே..."

"கட் பண்ணுடா கழுதே!"

அவன் கட் பண்ணினான். கழக்கூட்டத்தில் ஹரிஷங்கர் அப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்தானாம். மஹேஷ் ஃபோனைக் காதில் வைத்தபடியே குனிந்து நாகேஸ்வரனின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. "தாணு மாமா," என்றான், "மூச்சு இல்லை மாமா. நெஜமாவே இல்லை."

விஜயம் நாகேஸ்வரனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். காதோடு வாயை வைத்துக் கத்தினாள். "ஏன்னா! மூச்சு விடுங்கோ!"

நாகேஸ்வரனின் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கிற்று. அவ்வளவுதான், மறுபடி அசைவில்லை.

"மூச்சு விடுங்கோ!"

இன்னொன்று வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேலான கல்யாண வாழ்க்கையில் முதல்முதலாக அவள் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டார். சொன்னால் விட்டார். சொல்லாவிட்டால் விடவில்லை. ஆம்புலன்ஸோ கோயில் வரிசையில் மாட்டிக்கொண்டு எங்கேயோ ஊளையிட்டுக்கொண்டிருந்தது. விஜயத்துக்குத் தொண்டை கம்மிவிட்டது. அடுத்த தடவை குரல் எழும்பவில்லை, காற்றுதான் வந்தது. அவள் அழுதபடி வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. தாணு மாமாதான். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "மூச்சு விடும் ஓய்!" என்றார்.

நாகேஸ்வரன் விட்டார்.

அந்தக் கூட்டம் காலையிலிருந்து நாமத்துக்கு நாமம் எதிர்க்குரல் கொடுத்துப் பழகிய கூட்டம். வேறொன்றும் அதற்குத் தெரியாது. தாணு மாமா "மூச்சு விடும் ஓய்" என்றால், மடமே ஒரே குரலாக "மூச்சு விடும் ஓய்" என்றது. மஹேஷ் தாளம் தப்பாமல் கை தட்டினான். வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள், பூக்காரி சொன்னாள், விஷயம் தெரியாமல் கோயில் வரிசையில் நின்ற ஜனங்களும் இது ஏதோ இந்த வருஷத்துப் புது மந்திரம் என்று சேர்ந்துகொண்டார்கள். ஒரு மலையாளத்து அம்மா இரண்டு கையையும் தலைமேல் கூப்பி, "மூச்சு விடும் ஓய் பகவானே!" என்று உருகினாள். ஒவ்வொரு தரத்துக்கும் நாகேஸ்வரனின் நெஞ்சு, வேண்டா வெறுப்பாக, ஒருமுறை ஏறி இறங்கிற்று. லட்சார்ச்சனை கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு மனுஷனுக்கு மூச்சை அர்ச்சனை பண்ணிய தெரு அது ஒன்றுதான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் மாலைகளை விலக்கி முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து ஊசி போட்டதும் நாகேஸ்வரன் திடுக்கென்று கண்ணை விழித்து, "எந்த நாமத்துல விட்டேன்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மறுபடியும் சொக்கினார். ஊசியின் வேகம் முதலில் இறங்கிவிடும், தோலுக்குள் போன மருந்து இன்னும் வெகுநேரம் ஊறிக்கொண்டிருக்கும், அதனால் மறுநாள் வரைக்கும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சொட்டு மருந்தோடு ஊசியும் ஏறிக்கொண்டிருந்தது. விஜயம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து, அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலறியடித்து வந்த ஹரிஷங்கரை மருந்துக் கடைக்கும் லேபுக்குமாக ஓடவிட்டாள். தன்னுடைய ஒட்டு மாற்ற வேண்டும் என்பது அவளுக்கு ஞாபகமே வரவில்லை. விடியும்போது இடுப்பு ஞாபகப்படுத்திற்று. ஜிஷாவுக்கு ஃபோன் போட்டாள்.

துவாதசி காலையில் தாணு மாமா பாரணைப் பிரசாதத்தோடு வந்தார். நாகேஸ்வரன் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பிழைச்சுண்டீர், சந்தோஷம்," என்றார் தாணு மாமா. சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார். "ஆனாலும் அந்த முகத்தை நினைச்சா மனசு ஆறமாட்டேங்கறது. என்ன ஒரு சாந்தி! நேத்திக்கு விட்டது இனி எப்போ வாய்க்கும்? விஜயம் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாளோன்னு தெருவுல பேசிக்கறா."

விஜயம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மாமா, ஏழு மாசமா அந்த மருந்தை ஒட்டிண்டுதான் உங்காத்து வாசல் வழியா நடக்கறேன். எத்தனை நாள் தூக்கம் சொக்கி உங்க வாசத் தூண்ல சாஞ்சு நின்னிருக்கேன். நீங்களும் பாத்திருக்கேள். அப்போ ஒரு மாலை கொண்டுவந்து போடணும்னு தோணித்தா? என் கால்ல யாராவது விழுந்தேளா? 'விஜயத்துக்கு இப்போல்லாம் ரொம்பச் சோம்பல்'னுதானே சொன்னேள்?"

தாணு மாமா பிரசாதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார். நாகேஸ்வரன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

அப்போது ஜிஷா வந்தாள். நாகேஸ்வரனை ஏற இறங்கப் பார்த்தாள், ஆனால் திட்டவில்லை. நேரே விஜயத்திடம் போய், ரவிக்கைக் கையைச் சுருட்டி, பழைய ஒட்டை உரித்து மடித்தாள். இன்னொரு கையில், சுத்தமாகத் துடைத்த இடத்தில் புதிதை வைத்து, உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாள்.

"நேத்தே மாத்தியிருக்க வேண்டியதும்மா. ராத்திரி முழுக்க இந்த ஸ்டூல்லயா இருந்திய?"

நாகேஸ்வரன் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஒட்டியாச்சோல்லியோ? இனி வலி இருக்காதே?"

"ஒடனேயா?" என்றாள் ஜிஷா. "இது மெள்ளத்தான் ஏறும், சார். ராத்திரி ஆவும். ஒங்களுக்கும் அப்பிடித்தானே ஏறிச்சு."

"அதுவரைக்கும்?"

"வலிக்கும்," என்றாள் விஜயம்.

நாகேஸ்வரன் அவளைப் பார்த்தார். அவளுடைய ஒரு கை இடுப்பை அழுத்திப் பிடித்திருந்தது. ஏழு மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது, அவர்தான் இன்றைக்குப் பார்க்கிறார். அவருடைய உதடு கோணிக்கொண்டது. போர்வையை விலக்கிக் காலைத் தொங்கப்போட்டார். முழங்கால் இரண்டும் நறநறத்தன. சொட்டு மருந்துக் கம்பியைப் பிடித்தபடி இறங்கி நின்று, "எழுந்திரு, இங்கே வந்து படு," என்றார்.

"உங்களைப் படுக்கச் சொல்லியிருக்கா. ஏன்னா, விழுந்துடுவேள்."

"படுன்னு சொல்றேனோல்லியோ!"

ஜிஷா அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தாள், கண்ணை விரித்துப் பார்த்தாள். "உக்காந்துக்கிட்டு இருக்கட்டும்மா, ஒண்ணும் ஆகாது, நான் நிக்கேன்," என்றாள். விஜயம் கட்டிலில் மெல்லச் சரிந்து, வலிக்காத பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். நாகேஸ்வரன் கையில் ஊசியும் டியூபுமாக ஸ்டூலில் உட்கார்ந்து, போர்வையை அவள்மேல் இழுத்துவிட்டார்.

சிறிது நேரத்தில் புதிதாக டியூட்டிக்கு வந்த டாக்டர், கையில் கேஸ் ஷீட்டோடு நுழைந்தார். கட்டிலைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், குழம்பினார்.

"இதில் ஆரா பேஷண்ட்?"

நாகேஸ்வரன் டியூப் தொங்குகிற கையைத் தூக்கிக் கட்டிலைக் காட்டினார்.

"இவளாக்கும், டாக்டர்," என்றார்.